ஜன்னல் சொந்தங்கள்

லாரிக்காரருடைய அக்காவின் சமையலறை ஜன்னலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மண்சட்டியில், சிலர் கைப்பிடி உடைந்த கோப்பையில், ஒருவர் பெயின்ட் டப்பாவில். எல்லாம் சதைப்பற்றுள்ள செடிகள். இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் தன் பாட்டுக்கு இருக்கிற வகை. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓர் உறவின் பேரை வைத்திருந்தாள். கடைக்காரர் சொன்ன பேர்கள் அவள் வாயில் நுழையவில்லை என்பது ஒரு காரணம். வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத சொந்தங்களை இப்படியாவது ஜன்னலில் உட்கார வைக்கலாம் என்பது இன்னொன்று.

அக்கா காலமான பிறகு அந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவள் கணவர் முன்பே போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரே மகள். அவளுக்கு தூர ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த விடுதியில் ஜன்னலில் துண்டு காயப்போடக்கூட விடமாட்டார்களாம்.

"எனக்கு வேற எதுவும் வேணாம் மாமா," என்றாள் அவள், பெட்டியின் வாயை முழங்காலால் அழுத்தி மூடிக்கொண்டே. "செடிங்களை நீங்க பாத்துக்கங்க. தம்பியை மட்டும் பத்திரமா வச்சிருங்க. படிப்பு முடிஞ்சு தனியா வீடு பாத்ததும் வந்து எடுத்துக்கறேன்."

"எந்தத் தம்பி?"

"அம்மாவுக்கு எத்தனை தம்பி? உங்க பேருதான் வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. லாரிக்காரர் இருமினார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் அவர். தெருவில் அவருக்கு லாரிக்காரர் என்பதைத் தவிர வேறு பேர் கிடையாது. பெரிய உடம்பு. அந்த உடம்புக்குள் எதுவும் சட்டென்று கரைந்துவிடும் என்பது அக்காவுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

எந்தச் சட்டி என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வரிசையின் நட்டநடுவில் ஒரு கள்ளி நின்றது. நாலு பட்டை வைத்த பச்சைத் தூண். மற்றவர்கள் எல்லாம் அதன் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் லாரிக்காரர் தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"போட்டோ கீட்டோ அனுப்பிடாதீங்க மாமா," என்றாள் அவள் கிளம்பும்போது. "பாத்தா அழுகை வரும். நேர்ல வந்து பாத்துக்கறேன்."

"உயிரைக் கொடுத்தாவது காப்பாத்தறேன் பாப்பா."

"உயிரெல்லாம் வேணாம் மாமா. சும்மா வச்சிருந்தாப் போதும்."

*

தண்ணீர் லாரியில் சாமான் ஏற்ற இடம் கிடையாது. சட்டிகளை டிரைவர் சீட்டைச் சுற்றித்தான் அடுக்க முடிந்தது. கள்ளியை சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்தார். ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்த மனைவியின் மடியில், பின்னல் பின்னலாகத் தொங்குகிற ஒரு செடியைக் கொடுத்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய, நீலம் கலந்த பச்சை இலைகள் நெருக்கமாகக் கோத்தாற்போல இருந்தன.

டாங்கில் அன்று பாதித் தண்ணீர். பாதி டாங்க்தான் மோசம். வண்டியை நிறுத்தினாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் நிற்காது. முன்னால் போய் முட்டும், பின்னால் போய் முட்டும், நின்ற வண்டியைப் பிடித்து உலுக்கும். ஒவ்வொரு உலுக்கலுக்கும் அந்தப் பின்னலிலிருந்து இலைகள் உதிர்ந்தன.

"என்னங்க இது, தொட்டாக் கொட்டுது, தொடாட்டியும் கொட்டுது."

"அழுமூஞ்சி. விடு."

பேர் அப்படியே நிலைத்துவிட்டது.

வீடு வந்ததும் மனைவி மடியை உதறப் போனாள். லாரிக்காரர் தடுத்து, ஒரு பிஸ்கட் டின் மூடியை எடுத்து உதிர்ந்ததையெல்லாம் அதில் பொறுக்கிப் போட்டார்.

"எதுக்கு இது?"

"பச்சையா இருக்கே. உயிரோட இருக்கறதை எப்படிக் குப்பையில போடறது?"

மூடியை சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில், பின்கண்ணாடி ஓரமாக வைத்தார். வைத்ததோடு சரி. மறந்துபோனார்.

*

அவர்கள் வீடு இரண்டாவது மாடி. தெருவைப் பார்த்த ஜன்னலில் கம்பிக்கு உள்ளே ஒரு முழம் அகலத்துக்குத் திட்டு. சொந்தங்கள் அங்கே குடியேறினார்கள்.

லாரிக்காரருக்கு இந்த உலகத்தில் பார்க்கச் சகிக்காதது ஒன்றுதான்: காய்ந்த எதுவும். விடிந்ததும் நீரேற்று நிலையத்தில் வரிசையில் நின்று, தொடை தண்டி குழாயை டாங்க் வாயில் மாட்டி, வால்வுச் சக்கரத்தைத் திருப்பும்போது வருகிற அந்த முதல் சத்தம் கேட்டால்தான் அவருக்கு நாள் தொடங்கும். அவர் உள்ளங்கை எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். கடைசி வீட்டுக் கடைசிக் குடம் நிரம்பாமல் அவர் குழாயைச் சுருட்டியதாக ஒருத்தரும் சொல்ல முடியாது. வறண்ட தொட்டியைக் கண்டால் கேட்காமலே நிரப்புவார். அப்படிப்பட்டவர் வீட்டு ஜன்னலில், காய்ந்த மண்ணில் சொந்த அக்கா பெற்ற பிள்ளைகள் மாதிரி இத்தனை பேர். தினமும் காலையில் சொம்போடு போய் நின்றார்.

"அதுங்க தண்ணி கேக்கலைங்க," என்றாள் மனைவி.

"கேட்டுக் கொடுத்தா அது விக்கறது. கேக்காமக் கொடுத்தாத்தான் தண்ணி."

"வசனம் நல்லாத்தான் இருக்கு. மண்ணைத் தொட்டுப் பாருங்க, சேறா இருக்கு."

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக்கண்ணாடிச் சில்லை ஃப்ரேமுக்குள் உட்காரும்படி ஓரம் தேய்க்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் சில்லு தெறித்துவிடும். எதையும் பார்த்துவிட்டுப் பேசுகிறவள். அவர் பேசிவிட்டுப் பார்க்கிறவர்.

அவள்தான் பிடிவாதமாக மருமகளுக்குப் போன் போட வைத்தாள். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டபோது, அந்தப் பெண் தன் அம்மா சொன்னபடியே சொன்னாள். அவளுக்கும் வேறு பேர் தெரியாது.

"நாத்தனாருக்கு நல்ல வெயில் வேணும் மாமா. பெரியப்பா தோலை உரிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. அப்பாவுக்கு மண்ணு நல்லாக் காஞ்ச பிறகு ஊத்தினாப் போதும். அப்பாவைக் கீறிடாதீங்க. கண்ணுக்கு ஆகாது."

"தம்பிக்கு?"

"தம்பிக்கு எதுவும் பண்ணாதீங்க. பேசாம விட்டுடறதுதான் அவனுக்கு நல்லதுன்னு அம்மா சொல்வாங்க. அவன் நல்லா இருக்கானா?"

"ராஜா மாதிரி இருக்கான்."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "எது எதுன்னு கேட்டீங்களா?"

"அதுல என்ன கேக்கறது? நம்ம சொந்தக்காரங்களை நமக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லுங்க. இதுல யாரு பெரியப்பா?"

லாரிக்காரர் தயங்காமல், முள் வைத்த பூசணி மாதிரி உருண்டிருந்த ஒன்றைக் காட்டினார். "அந்தத் தொப்பையைப் பாரேன். அவரேதான்."

"அத்தான்?" அக்கா கணவரை லாரிக்காரர் அப்படித்தான் அழைப்பார்.

"இதோ." கோப்பையில் இருந்த சின்னச் செடி, கற்றாழைக்குத் தங்கை மாதிரி, கரும்பச்சை இலையில் குறுக்கே வெள்ளைக் கோடுகள். "அத்தான் எப்பவும் கோடு போட்ட சட்டைதானே போடுவாரு."

"அப்ப தம்பி?"

"என்னை எனக்குத் தெரியாதா?" கள்ளியைத் தட்டிக்கொடுக்கப் போய், முள்ளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

நாத்தனாரைக் கண்டுபிடித்தது மட்டும் பிசகவில்லை. காது காதாக, வெல்வெட் துணியில் தைத்த மாதிரி மெத்தென்று இருந்த ஒரு சப்பாத்திக்கள்ளியை மனைவி ஆசையாகத் தடவினாள். ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட உட்கார்ந்து, முட்டையை உரிக்கும்போதுதான் விரல் முழுக்கக் குத்தியது. கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத பொன்நிற முட்கள்.

"இதுதான் நாத்தனார்," என்றாள். "தடவிக் கொடுக்கும்போது தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் குத்தும். ஆனா இது உங்கக்காவோட நாத்தனார். எனக்கு நாத்தனார் உங்கக்கா. அவங்க என்னைக் குத்தினதே இல்லை."

"குத்தியிருப்பா. நீ உருப்பெருக்கி வச்சுப் பாத்திருக்க மாட்டே."

அவள் விரலில் இருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து, சிரித்தாள்.

*

பெரியப்பா தோலை உரிக்கவே இல்லை. பூசணியின் முன்னால் லாரிக்காரர் எத்தனையோ காலை நின்றுவிட்டார்.

கடைசியில் ஒருநாள் மனைவிக்குக் கோப்பை ஒன்று குறைந்தது. திட்டின் மூலையில் ஒரு கோப்பையில் கூழாங்கற்கள் மட்டும் கிடந்தன. அக்கா சட்டிக்குப் போட்ட கல் மிச்சமாக இருக்கும் என்று நினைத்து, அதைக் கொட்டிவிட்டுக் கழுவலாம் என்று எடுத்தாள். ஒரு கல்லின் நடுவில் கீறல் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரி கீறலைக் கண்டால் சும்மா விடமாட்டாள். உருப்பெருக்கியை வைத்தாள்.

"என்னங்க. இங்க வாங்க. இந்தக் கல்லுக்குள்ள இன்னொரு கல்லு வருது."

பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி போட்ட இரண்டு தடித்த உதடுகள். அந்த உதட்டுப் பிளவுக்குள் அதே மாதிரி இன்னொரு ஜோடி உதடுகள், புத்தம் புதுசாக. பழையது சுருங்கிக் காகிதம் போலாகிக்கொண்டிருந்தது. தன்னிடம் இருக்கிற தண்ணீரையெல்லாம் புதுசுக்குக் கொடுத்துவிட்டு அது காய்ந்துகொண்டிருந்தது.

லாரிக்காரர் உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார்.

"தோல் உரிக்குது," என்றாள் அவள்.

"பெரியப்பா வாயே திறக்க மாட்டாரு," என்றார் லாரிக்காரர் மெதுவாக. "எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒரு மூலையில கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாரு. போகும்போது பாத்தா அவர் இருந்த இடத்துல ஏதாவது வேலை முடிஞ்சிருக்கும். அக்கா சரியாத்தான் வச்சிருக்கா."

"அப்ப இந்தப் பூசணி யாரு?"

"கல்யாணத்துக்குச் சாப்பிட மட்டும் வர்ற யாரோ."

பெரியப்பா தண்ணீருக்குத் தப்பினார், கல் என்று நினைத்து யாரும் ஊற்றாததால். அப்போதாவது அவர் யோசித்திருக்க வேண்டும். ஒருவரைத் தப்பாக எடைபோட்டால் இன்னொருவரையும் போட்டிருக்கலாம் அல்லவா? ஆனால் அவர் நினைப்பெல்லாம் பூசணி மேல்தான் போயிற்று. தூண் மேல் போகவில்லை.

*

மழை பிடித்தது. ஊரெல்லாம் தண்ணீர், லாரிக்கு வேலை குறைந்தது. ஜன்னல் கதவு மூடிய வீட்டுக்குள் புழுங்கல் வாடை. லாரிக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சொம்பு மட்டும் கையில் இருந்தது.

முதலில் போனது அழுமூஞ்சி. பின்னல் பின்னலாக இருந்தது ஒரே வாரத்தில் கண்ணாடி போலாகி, ஊறிய பருப்பு மாதிரி கொழகொழவென்று கையில் வந்தது. அடிவேரைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லை.

"சரி, அது ராசி அவ்வளவுதான்," என்று சொல்லி மாடிப்படிக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் கொட்டி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் போனது தம்பி இல்லையே.

அடுத்த வாரம் தூண் சாய்ந்தது.

அடிப்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு மஞ்சளும் பழுப்புமாகப் படர்ந்திருந்தது. விரல் வைத்தால் அமுங்கியது. லாரிக்காரர் சொம்பைத் திட்டில் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தட்டிலேயே அடுக்கினார்.

"ஒரு போட்டோ எடுத்து அந்தப் பொண்ணுக்கு அனுப்புங்க. அவளுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கும்."

"வேணாம்னு சொல்லியிருக்கா. அனுப்பி என்னன்னு சொல்றது? உங்கம்மாவோட தம்பி அழுகிட்டான்னா? அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. நான் உயிரைக் கொடுக்கறேன்னு வேற சொன்னேன்."

"உயிரைக் கேக்கலையே. சும்மா வச்சிருன்னுதானே சொன்னா."

அவர் எழுந்துபோய்த் தட்டைத் தானே கழுவினார். இந்த வீட்டில் அது அபூர்வம்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. மனைவி தண்டை மேலிருந்து கீழாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள், சில்லைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. "பாதிக்கு மேல கெட்டியா இருக்கு. எங்க கடையில சில்லு ஓரத்துல விரிசல் விட்டா, விரிசலைத் தாண்டித் தேய்ச்சு எடுத்துட்டு மிச்சத்தைச் சின்ன ஃப்ரேமுக்குப் போடுவோம். வெட்டிப் பாப்போம்."

"தம்பியையா?"

"தம்பியைத்தான். கண்ணுக்கு இதை மாட்டுங்க." கடையில் தேய்க்கும்போது போடுகிற பெரிய கண்ணாடியை நீட்டினாள். "கள்ளிப்பால் கண்ணுல தெறிச்சா அப்புறம் எங்க கடைக்குத்தான் வரணும்."

ரொட்டிக் கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். அவர் தூணைப் பழைய சாக்கில் சுற்றிப் பிடித்தார், அவள் அறுத்தாள். வெள்ளைவெளேரென்று பால் கொட்டியது. வெட்டின முகத்தின் நடுவில் பழுப்பு வட்டம்.

"இன்னும் இருக்கு. மேல போகணும்."

ஒரு வில்லை. வட்டம் சின்னதாயிற்று. இன்னொரு வில்லை. புள்ளியாயிற்று. ஒவ்வொரு அறுப்புக்கும் லாரிக்காரர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கடைசி வில்லை விழுந்தபோது முகம் முழுக்கப் பச்சையும் வெள்ளையும்தான்.

"இப்ப தண்ணி ஊத்துங்க," என்றாள்.

அவர் நம்பாமல் பார்த்தார்.

"வெட்டுன இடத்துல ஊத்துங்க. பால் நிக்கட்டும். இதான் கடைசி. இதுக்கப்புறம் நான் சொல்றவரைக்கும் சொம்பைத் தொடக் கூடாது."

அவர் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போலச் சன்னமாக ஊற்றினார். பால் நீலமாகக் கரைந்து ஓடி நின்றது.

பாதியாகிப்போன தூணை அலமாரி மேல் காகிதத்தில் படுக்க வைத்தார்கள். வெட்டுவாய் காய்ந்து, புண் ஆறித் தோல் கட்டுவது போலக் கட்டவேண்டும். பிறகு சலித்துக் காயவைத்த மணலிலும் பொடிக்கல்லிலும் நட்டு, அதையும் காயவே விடவேண்டும்.

லாரிக்காரர் அந்த நாட்களை எப்படிக் கழித்தார் என்பதை அவர் மனைவியைத்தான் கேட்கவேண்டும். சொம்பை அவள் கடைக்கே எடுத்துப் போய்விட்டாள். அவர் ஜன்னலருகே போவார், நிற்பார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். வெளியே வெயில் அடிக்க ஆரம்பித்து லாரி வேலை திரும்பியதும், அந்த ஆத்திரத்தையெல்லாம் தெருக் குடங்களில் காட்டினார். குடங்கள் வழிந்து ஓடின.

"என்ன லாரிக்காரரே, இன்னைக்குக் கை தாராளம்?" என்றாள் வரிசையில் எப்போதும் முதலில் நிற்கிற இட்லிக்கடை அம்மா.

"வீட்டுல ஒருத்தனுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு தடை. அவன் பங்கையும் நீங்களே எடுத்துக்கங்க."

ஒருநாள் காலை மனைவி அவர் கையைப் பிடித்து, சாக்குத்துணி சுற்றிய தூணில் வைத்தாள். "மெதுவா இழுத்துப் பாருங்க."

இழுத்தார். வரவில்லை. உள்ளே இருந்து ஏதோ பிடித்துக்கொண்டது.

லாரிக்காரர் கையை எடுக்கவே இல்லை. "பிடிச்சுக்கிட்டான்," என்றார். "அடியே, பிடிச்சுக்கிட்டான்." அன்று அவர் லாரியின் ஹாரனைத் தெருமுனை வரைக்கும் அழுத்திக்கொண்டே போனதாக மாடிவீட்டுக்காரர்கள் புகார் சொன்னார்கள்.

*

அந்த வாரமே வால்வுச் சாவியைக் காணோமென்று சீட்டுக்குப் பின்னால் துழாவினார். பிஸ்கட் டின் மூடி கையில் தட்டியது.

மூடி நிறைய முளைகள். உதிர்ந்த ஒவ்வோர் இலையும் சுருங்கியிருந்தது. ஒவ்வொன்றின் நுனியிலும் இளஞ்சிவப்பாக நூல் வேர். அதற்கு மேலே கடுகளவு பச்சைக் கொத்து. ஒரு பிடி மண்கூடக் கிடையாது. அவர் முதுகுக்குப் பின்னால் தினமும் டாங்க் நிறையத் தண்ணீர் போய் வந்தது. ஒரு சொட்டு இதற்குக் கொடுக்கவில்லை.

லாரிக்காரர் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மூடிகள் பெருகின. அகலமான பலகை போட்டார். மணல் பரப்பி, பின்கண்ணாடி வெளிச்சத்தில் வைத்து, மண் காய்ந்து பல நாளான பிறகு விரல் நனைத்துத் தெளித்தார். குட்டிகள் நீண்டன, வளைந்தன, தொங்கின. உதிர்ந்தன, உதிர்ந்ததும் முளைத்தன. லாரி ஜன்னலில் பின்னல் பின்னலாக ஆடுவதைப் பார்த்துக் குடத்தோடு நிற்கிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் வாங்கினது இட்லிக்கடை அம்மா.

"இது பேரென்ன?"

"அழுமூஞ்சி."

"எவ்வளவு தண்ணி விடணும்?"

"விடவே விடாதீங்க. தண்ணிதான் எமன்."

இட்லிக்கடை அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். "கேட்டீங்களா கதையை. தண்ணி லாரிக்காரரே தண்ணி ஊத்தாதேங்கறாரு. காலம் கெட்டுப்போச்சு."

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். முடிவெட்டுகிறவருக்கு, தையல்காரருக்கு, பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு. வீட்டு ஜன்னலில் இடமில்லை. அதுவுமில்லாமல் யாரும் உரிமை கேட்காத செடி. இரண்டாவது வருஷம் முடிகிற சமயத்தில் கடைசி மூடியையும் டீக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். டீக்கடைக்காரர் பதிலுக்கு ஒரு வாரம் டீக்குக் காசு வாங்கவில்லை.

*

மருமகள் வந்தாள். இளைத்திருந்தாள், நடையில் அக்கா இருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தவள் செருப்பைக் கழற்றியதும் ஜன்னலுக்குத்தான் போனாள். வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்தாகிவிட்டது, மறுநாளே திரும்பவேண்டும்.

லாரிக்காரர் புதுச்சட்டை போட்டு, தூணுக்குப் பக்கத்தில் நின்றார். அது இப்போது வெட்டுக்கு மேலே இரண்டு கிளை விட்டு, மூன்று தலையோடு நின்றது.

"பாரு பாப்பா. தம்பி."

அவள் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "மாமா, இது எங்கப்பா."

"எது?"

"இதுதான் அப்பா. நெட்டையா, யாருக்கும் வளையாம. வெளியில முள்ளு, உள்ள பாலு. அம்மா எப்பவும் சொல்வாங்களே." பிறகு கவனித்தாள். "அப்பா ஏன் குட்டையாயிட்டாரு?"

லாரிக்காரர் புதுச்சட்டையின் காலர் பட்டனைக் கழற்றினார். "உங்கப்பாவை நான் இடுப்போட வெட்டிட்டேன்."

அவள் குனிந்து தூணின் அடியைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உயரம் கொஞ்சம் ஜாஸ்தின்னு அம்மாவே சொல்வாங்க. இப்பத்தான் பாத்திரம் கழுவற இடத்துக்குச் சரியா இருப்பாரு."

"அப்ப இந்தக் கோடு போட்டது?" என்றாள் மனைவி, கோப்பையைக் காட்டி.

"அது நீங்க அத்தை. எதையும் தாங்கிக்கும்னு அம்மா சொல்வாங்க. மாமா எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் சாகாது."

மனைவி கோப்பையை வாங்கி, துடைத்து, வரிசையின் முன்னால் வைத்தாள்.

"தம்பி எங்க மாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். கைகளை முகத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் காட்டினாள். "பின்னல் மாதிரி தொங்குமே. இலையெல்லாம் நெல்லு நெல்லா."

லாரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் திட்டின் கீழே கவிழ்த்து வைத்த அந்தச் சட்டி இருந்தது.

"அவனைக் குப்பையில போட்டுட்டேன் பாப்பா," என்றார். "அழுகிட்டான். நாந்தான் அழுக வச்சேன். அழுமூஞ்சின்னு பேர் வேற வச்சேன்."

அவள் முகம் மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் அவரால் கொடுக்க முடியவில்லை.

மனைவி மட்டும் இருந்த இடத்தில் நின்று யோசித்தாள். பார்த்துவிட்டுப் பேசுகிறவள் அல்லவா.

"குப்பைக்குப் போனது சட்டியில இருந்தது," என்றாள். "மடியில கொட்டினது?"

லாரிக்காரர் தலையைத் தூக்கினார்.

"எழுந்திருங்க. வண்டிச் சாவியை எடுங்க. தண்ணி விடற நேரமாச்சு. பாப்பா, நீயும் வா."

*

தெருமுனையில் முதல் திருப்பத்திலேயே மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இட்லிக்கடையின் பலகைக்கு மேலே, நீலம் கலந்த பச்சைப் பின்னல், ஒரு முழத்துக்கு.

"மாமா, தம்பி."

அடுத்தது முடிதிருத்தகம். கண்ணாடிக்கு மேலே இரண்டு பின்னல். வெட்டாமல் விட்ட ஒரே முடி. தையல்காரர் மாடிக் கைப்பிடியில் ஒன்று. வாட்ச்மேன் கூண்டில் ஒன்று. டீக்கடைக் கல்லாப்பெட்டி மேல் அந்தக் கடைசி மூடி. தெரு நீள நீள, ஜன்னல் ஜன்னலாக.

"அதோ தம்பி. அங்கயும் தம்பி." எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் விட்டுவிட்டாள். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

லாரி நின்றதும் குடங்கள் வரிசை கட்டின. விஷயம் குடத்துக்குக் குடம் தாவியது. லாரிக்காரருடைய அக்கா செடியாம், அக்கா பொண்ணு வந்திருக்காம். இட்லிக்கடை அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய், தன் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எடுத்துக்கோ கண்ணு."

"ஐயோ, இது உங்களோடது."

"என்னோடதா? லாரிக்காரர் கொடுத்தது. கீழ கொட்டினதை நான் இன்னொரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். அது வந்துடும்."

முடிவெட்டுகிறவர் தன்னுடையதுதான் நீளம் என்றார். தையல்காரர் நீளம் முக்கியமில்லை, அடர்த்திதான் என்றார். ஒரு கல்யாணப் பேச்சு அளவுக்கு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அவள் இட்லிக்கடை அம்மாவுடையதையே வாங்கிக்கொண்டாள். அக்காவின் பழைய சட்டியை மனைவி மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். அங்கேயே, லாரியின் படியில் வைத்து மாற்றினார்கள்.

"எனக்கு ஏன் இதை வச்சா உங்கம்மா?" என்று கேட்டார் லாரிக்காரர், குழாயைச் சுருட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல். "கொட்டிக்கிட்டே இருக்கற செடியை?"

"சின்னதுல எதுக்கெடுத்தாலும் அழுவீங்களாமே."

"அது சரி."

"எந்த வேலையிலயும் நிக்க மாட்டீங்களாம். அச்சாபீஸ்ல விழுந்து, மரக்கடையில விழுந்து, பஸ் கம்பெனியில விழுந்து. அம்மா சொல்வாங்க, என் தம்பியைத் தொட்டாக் கொட்டிடுவான், ஆனா கொட்டின இடத்துல எல்லாம் முளைச்சிடுவான். அவனைப் பத்தி மட்டும் எனக்குக் கவலையே இல்லைன்னு."

லாரிக்காரர் சுருட்டின குழாயைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். அது ஒரு தடவையில் மாட்டவில்லை. இரண்டாம் தடவையும் மாட்டவில்லை. மனைவி வந்து பிடித்துக் கொடுத்தாள்.

*

மறுநாள் மருமகளைப் பஸ் ஏற்ற லாரியில்தான் போனார்கள். அதற்கு முன்னால் நிலையத்துக்குப் போய், டாங்கை வாய் வரைக்கும் நிரப்பினார். நிறைந்த டாங்கில் தண்ணீர் ஆடாது. நின்றால் அதுவும் நிற்கும். ஒவ்வொரு மேட்டிலும் மூன்று பேரும் அவள் மடியைப் பார்த்தார்கள். ஓர் இலை விழவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சட்டியை ஜன்னலோரமாக அணைத்துக்கொண்டு அவள் கையாட்டினாள்.

திரும்பி வரும்போது இட்லிக்கடை அம்மா வழிமறித்தாள். அவள் கையில் ஒரு டப்பா. அதில் நூல் வேர் விட்ட இலைகள்.

"லாரிக்காரரே, உங்க அழுமூஞ்சி முளைச்சிடுச்சு பாத்தீங்களா?"

அவர் எஞ்சினை அணைத்தார். "இனிமே யாரும் அதை அந்தப் பேர் சொல்லக் கூடாது."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"தம்பின்னு சொல்லுங்க."

"தம்பிக்கு ஒரு வாய் தண்ணி விடலாமா?"

"தேவைன்னா அவனே கேப்பான்," என்றார் லாரிக்காரர். இறங்கிப் போய் வால்வைத் திறந்தார்.